ட்ரம்ஸ், தப்பு வாசிக்கிறவர்கள் எதில் கேட்கிறீர்கள், என்ன கேட்கிறீர்கள்?

நோர்வூட் தம்பி:
வணக்கம். கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று போகிற இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் தப்பும் அடிப்பேன். இதுவரை போனோடு வந்த இயர்போனில்தான் பாட்டுக் கேட்டுப் பழகினேன். இப்போது அதில் ஒரு பக்கம் செத்துவிட்டது. கடைக்குப் போனால் "பாஸ் சும்மா அதிரும்" என்று புளூடூத் ஹெட்போனைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். நாங்கள் இருப்பது லயம், தோட்டத்து வரிசை வீடு. பக்கத்துக் காம்பராவுக்குச் சத்தம் போகாமல் பழக வேண்டும். வாசிக்கிற அண்ணன்மார் சொல்லுங்கள், என்ன வாங்கலாம்?

பண்டாரவளை கீபோர்ட்:
தம்பி, பாட்டுப் போட்டுக் கூட அடிக்க மட்டும் என்றால் புளூடூத் ஓரளவு சமாளிக்கும். எலக்ட்ரானிக் பேட்டில் அடித்து அந்தச் சத்தத்தையே அதில் கேட்கப் போனால் சரிவராது. சாதாரண புளூடூத்தில் சத்தம் 100, 200 மில்லி செக்கன் பிந்தித்தான் காதுக்கு வரும். நிமிடத்துக்கு 120 பீட் போகிற பாட்டில் ஒரு பீட்டின் கால் பங்கே 125 மில்லி செக்கன். கை ஓரிடம், காது ஓரிடம் ஆகிவிடும்.

கொட்டகலை ட்ரம்ஸ்:
வயர் உள்ள, காதை முழுதாக மூடுகிற ஹெட்போன் வாங்குங்கள் தம்பி. வாசிப்புத்தான் என் தொழில். என்னிடம் இருப்பது சோனி எம்டிஆர்-7506. 1991இல் வந்த மாடல், இன்றைக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் பார்க்கலாம். மின்தடை 63 ஓம்தான், போனிலேயே நன்றாகப் பாடும். சுருள் வயர் மட்டும் கொஞ்சம் பாரம், கழற்றவும் முடியாது. வயர் அடிக்கடி அறுகிறது என்றால் ஆடியோ டெக்னிகா எம்40எக்ஸ் பாருங்கள், அதில் வயரைக் கழற்றி வேறு போடலாம்.

பாஸ் அதிருகிற சாமானை வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணுவிலில் பிறந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் (1933–1975) பழைய பதிவு ஒன்றைத் தேடி எடுத்துக் கேளுங்கள். நான் அதிகம் கேட்பது அவரைத்தான், அலுப்பதே இல்லை. தவிலில் வலந்தலையை, அதாவது வலப்பக்கத்தை, விரல்களில் கூடு மாட்டி வாசிப்பார்கள், தொப்பி என்கிற இடப்பக்கத்தைக் கழியால் அடிப்பார்கள். பழைய பதிவுகளில் இந்த இரண்டும் நாதஸ்வரமும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். பாஸைத் தூக்கிக் கொடுக்கிற இயர்போனில் தொப்பி 'தொம்' என்று எல்லாவற்றையும் மூடிவிடும். 7506இல் கூடு தோலில் பட்டுத் தெறிக்கிற சத்தம் தனியாக வரும். வேகமாக உருட்டிக்கொண்டு போகும்போது எந்த விரல் எங்கே விழுகிறது என்று பின்னாலேயே போகலாம். எனக்கு அதுதான் பாடம். ட்ரம்ஸில் ஸ்நேர் என்கிற கூர்மையான சத்தத்தையும் கிக் என்கிற காலால் அடிக்கிற பெரிய ட்ரம்மையும் பிரித்து யோசிக்க அதிலிருந்துதான் பழகினேன்.

தப்புக்கும் இதே கதைதான். அடிக்குச்சி கீழே தடித்த சத்தம் கொடுக்க, மெல்லிய குச்சி மேலே கீறிக்கொண்டு போகும். அந்தக் கீறல் கேட்காத ஹெட்போன் நமக்கு உதவாது.

அப்புறம் பைலா, சிங்களவர்களின் ஆட்டப் பாட்டு. சிங்களக் கல்யாணங்களுக்கும் போகிறீர்கள் என்றால் அந்த ஆறு-எட்டு நடையை நிறையக் கேட்க வேண்டும். எண்ணி அடித்தால் விறைத்துப்போகும், காதில் ஊறினால்தான் ஆட வைக்கும்.

இன்னும் ஒன்று, இதைத் தயவு செய்து தள்ளிப்போடாதீர்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் காது தாங்குகிற கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம். ட்ரம் செட் முன்னால் உட்கார்ந்தாலே அதைத் தாண்டும், திருவிழாவில் மேடை ஸ்பீக்கர் வேறு. அதனால் வாசிக்கும்போது காதடைப்பான் போடுங்கள். சத்தத்தை அடைக்கவென்றே ட்ரம்ஸ்காரருக்கு விக் ஃபிர்த் ஹெட்போன் இருக்கிறது, வெளிச் சத்தத்தில் சுமார் 24 டெசிபலைக் குறைக்கும் என்று கம்பனி சொல்கிறது. எங்கள் தொழிலில் பேசுகிறவரின் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிற அண்ணன்மார் உண்டு. அந்த நிலைமை உங்களுக்கு வரக் கூடாது.

லயத்தில் பழக ரப்பர் பேட் போதும். அதைச் சுவரோடு சேர்த்து வைக்காதீர்கள், மேசையிலும் வேண்டாம். மடித்த கம்பளியின் மேல் வையுங்கள்.

நோர்வூட் தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே, வயர் உள்ளதுதான் என்று முடிவாகிவிட்டது. இந்த மழைக் குளிரில் ஹெட்போன் தாங்குமா? இன்னொன்று, மாசியில் தோட்டத்தில் ஆடுகிற காமன் கூத்தில் எங்கள் தப்பைப் போனில் பதிவு செய்தால் எல்லாம் உடைந்த மாதிரி கேட்கிறது. நல்ல ஹெட்போனில் அது சரியாகுமா?

கொட்டகலை ட்ரம்ஸ்:
காதில் படுகிற மெத்தைதான் முதலில் போகும். மேல் தோல் கறுப்புக் கறுப்பாக உரிந்து காதில் ஒட்டும். அதைத் தனியாக வாங்கி மாற்றலாம், பயப்படாதீர்கள். ஈரக் காற்றில் தொங்க விடாமல், வியர்வையைத் துடைத்து, மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள்.

பதிவு உடைவது எடுக்கும்போதே நடக்கிறது தம்பி, பிறகு எந்த ஹெட்போனும் அதைத் திருத்தாது. போன் மைக் அந்த அடியைத் தாங்காது. பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் போங்கள், தோலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். ஆப்பில் சத்த அளவைக் கையால் குறைக்க வழி இருந்தால் தானாகக் கூட்டிக் குறைப்பதை நிறுத்திவிட்டு, அளவைக் கீழே இறக்குங்கள். மாசிப் பனியில் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நெருப்பில் காய்ச்சி எடுத்த கையோடு வருகிற முதல் அடிகளைப் பிடியுங்கள், மெல்லிய குச்சி அப்போதுதான் தெளிவாக விழும். எடுத்ததும் இங்கே போடுங்கள், நான் கேட்டுச் சொல்கிறேன்.