வட லண்டன் டெர்பி: முன்னிலை எடுத்தால் பின்வாங்கலாமா?

கேள்வி:
ஞாயிற்றுக்கிழமை வட லண்டன் கால்பந்து அணிகளான ஆர்சனலும் டாட்டன்ஹாமும் மோதும் ஆட்டத்தை நினைத்தால் இப்போதே படபடப்பாக இருக்கிறது. ஆர்சனல் கோல் அடித்துவிடும். என் பயம் அதற்கப்புறம்தான். 2024 ஏப்ரலில் டாட்டன்ஹாம் மைதானத்தில் இடைவேளையில் 3-0 என்று இருந்தோம். எங்கள் கோல்கீப்பர் ராயாவின் தவறில் டாட்டன்ஹாமின் ரொமேரோ ஒன்று, பெனால்டியில் அவர்களின் சோன் ஒன்று. கடைசியில் 3-2. அந்தக் கடைசி நிமிடங்களை நின்றுகொண்டேதான் பார்த்தேன். இந்த முறை முன்னிலை எடுத்தால் தற்காப்புக்குப் போகலாமா?

பதில் 1:
கூடவே கூடாது நண்பா. அன்று ஆர்சனலின் மூன்றில் இரண்டு கோல் கார்னரில் (மைதான மூலையிலிருந்து அடிக்கும் உதையில்) வந்தவை. அதே ஆண்டு செப்டம்பர் டெர்பியில் ஆர்சனலின் கேப்ரியல் தலையால் முட்டிய ஒரே கோலும் கார்னரில் வந்ததுதான். எதிரணிப் பக்கம் ஆடினால்தானே கார்னர் கிடைக்கும்?

பதில் 2:
நான் டாட்டன்ஹாம் ரசிகன். அந்தக் கார்னர்கள்தான் எனக்கும் பயம்.

கேள்வி கேட்டவர்:
சரி, அழுத்தி ஆடட்டும். நான் மறுபடி நின்றே பார்க்கிறேன்.