புதுப்பிப்பு: சிறு பிள்ளைகளோடு உயிரியல் பூங்கா, எந்த யோசனை கைகொடுத்தது

போய் வந்துவிட்டோம். எப்போது போனாலும் விலங்குகள் தூங்கிக்கொண்டே இருக்கின்றன, பிள்ளைகள் சலித்துப்போகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கதவு திறந்ததும் உள்ளே போய், முதலில் சிங்கம், புலி பக்கம் போகச் சொன்னதுதான் கைகொடுத்தது. சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். வெயில் ஏறுவதற்கு முன்புதான் நடமாட்டம். புலி பின்னங்காலில் எழுந்து மரத்தை நகத்தால் பறண்டியதை நன்றாகப் பார்த்தோம். தீனி நேரத்தை நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ளச் சொன்னதும் நல்ல யோசனை. ஒட்டகச்சிவிங்கி கருநீல நாக்கை நீட்டி இலையை உருவியபோது பிள்ளைகள் அங்கிருந்து நகரவே இல்லை. அந்த நாக்கு சுமார் 45 செ.மீ. நீளம்!

எதிர்பாராதது, இரவு விலங்குகளின் கூடம். நுழைந்ததும் எதுவுமே தெரியாததால் பலர் உடனே வெளியேறினார்கள். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் ஆகும். பொறுத்து நின்றோம், தேவாங்கு கிளையைப் பற்றிக்கொண்டு மெல்ல நகர்வது தெரிந்தது. அங்கே பகலில் இருட்டாக்கி, இரவில் விளக்குப் போடுகிறார்கள். அதனால் மத்தியானத்திலும் அவை விழித்திருக்கும். உச்சி வெயில் நேரத்துக்கு அந்தக் கூடத்தை ஒதுக்கி வையுங்கள்.