வீலேனுக்குத் தமிழ்: ‘பாத்தி’ சரிவருமா?

வணக்கம்.

கையேடு ஒன்றைத் தமிழில் எழுதும்போது ‘வீலேன்’ (VLAN; ஒரே ஸ்விட்சையும் கேபிளையும் தனித்தனி வலைகளாகப் பிரிப்பது) வந்த இடத்தில் நின்றுவிட்டேன். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மெய்நிகர் குறும்பரப்புப் பிணையம்’. ஒரு பக்கத்தில் பத்து முறை வருகிற சொல்லுக்கு இது தாங்காது. நீளத்தைவிட உறுத்துவது ‘மெய்நிகர்’தான். வீபீஎன்னுக்கும் அதே அடைமொழி. இது பிரிக்கிற வேலை, அது தொலைவில் இருப்பதைச் சேர்க்கிற வேலை. பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது.

என் வீட்டுக் கதை இது. மாடியில் மூன்று கேமராக்கள். வீட்டுக் கணினிகளோடு அவை கலக்கக் கூடாது என்று இரண்டாவது ரௌட்டர் வாங்கினேன். இரண்டு ரௌட்டரும் கீழே; மாடிக்கு ஏறுவது ஒரே கேபிள். மேலொன்று கீழொன்று மேனேஜ்டு ஸ்விட்ச் (வீலேன் பிரிக்க அமைப்பு மாற்றக்கூடிய ஸ்விட்ச்) வைத்து, கேமராக்களை 20ஆம் எண் வீலேனில் போட்டேன். அப்பா “என்னடா பண்றே?” என்றார். “பாத்தி கட்டுறேன்பா” என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

வரப்பில்லாத ஸ்விட்சில் ஒரு கருவி பொதுவாகக் குரல் கொடுத்தால் எல்லா போர்ட்டுக்கும் பாயும். வரப்பு கட்டினால் அந்தப் பாத்தியோடு நிற்கும். அடுத்த பாத்திக்குப் போக மடை வேண்டும். அந்த மடைதான் திசைவி, அதாவது ரௌட்டர். ஆகவே வீலேன் = பாத்தி. எந்த வீலேனுக்கு உரியது என்று தரவில் ஒட்டும் டேக் = சீட்டு. பல வீலேன்களைச் சுமக்கும் இணைப்பான டிரங்க் = வாய்க்கால். உங்கள் கருத்து?

---

பாத்திக்கு என் ஓட்டு உண்டு. வாய்க்காலுக்கு இல்லை, மன்னிக்கவும். வாய்க்காலில் தண்ணீர் கலந்துதான் ஓடும். உங்கள் மாடிக் கேபிளில் இரண்டு பாத்திச் சட்டகங்கள் (ஃபிரேம், தரவுத் துண்டுகள்) ஓடினாலும் கலப்பதில்லை; ஒவ்வொன்றிலும் 4 பைட்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் 12 பிட் பாத்தி எண்ணுக்கு. 4096 எண்களில் 0, 4095 இரண்டையும் ஒதுக்கிவிட்டால் மிச்சம் 4094.

‘ட்ரங்க் கால்’ போட்டுப் பேசிய தலைமுறை நான், அந்தச் சொல்மேல் பாசம் உண்டு. ஆனால் சிஸ்கோ நிறுவனம் டிரங்க் என்று சொல்வது பல வீலேன் போகும் இணைப்பை. வேறு சில நிறுவனங்களுக்கு அதே சொல் பல கேபிள்களைச் சேர்த்து ஒன்றாக்குவதைக் குறிக்கும். சொல்லைப் பெயர்த்தால் இந்தக் குழப்பமும் கூடவே வரும். ‘பொதுத்தடம்’ என்று வைக்கலாமே?

இன்னொன்று. இரண்டாவது ரௌட்டரின் வேன் (WAN, வெளி இணைப்பு) போர்ட்டை முதல் ரௌட்டரில் செருகியிருந்தால், வீட்டுப் பக்கத்திலிருந்து கேமராவை எட்ட முடியாதே தவிர, கேமராப் பக்கத்திலிருந்து உங்கள் கணினியை எட்டலாம். மடை ஒரு பக்கம் திறந்துதான் கிடக்கிறது. ஃபயர்வாலில் அடைத்தீர்களா?

---

அடைக்கவில்லை ஐயா! உங்கள் மடலைப் பார்த்த பிறகுதான் அடைத்தேன். நன்றி. பொதுத்தடம் சரி, எடுத்துக்கொள்கிறேன்.

மிச்சம் இருப்பது பிவிஐடி (PVID). சீட்டில்லாமல் உள்ளே வரும் சட்டகத்தை எந்தப் பாத்தியில் விடுவது என்று சொல்லும் எண். கேமரா போர்ட்டை 20இல் சேர்த்தேன், சீட்டைக் கழற்றி வெளியே அனுப்பு என்றும் சொல்லிவிட்டேன். பிவிஐடியை மட்டும் 1இலேயே விட்டுவிட்டேன். போர்ட் பழைய பாத்தியான 1இலும் உறுப்பாகவே இருந்தது. கேமரா என்ன செய்தது? சமர்த்தாக முதல் ரௌட்டரிடம் போய் 192.168.1 என்று தொடங்கும் முகவரி வாங்கிக்கொண்டது. அரை ஞாயிறு போயிற்று.

இதற்கு ‘சேர்பாத்தி’ என்று நினைக்கிறேன். ‘இயல்புப் பாத்தி’ என்று வைப்பதும் எளிதுதான். ஆனால் இயல்பு என்று படித்தால் அதைத் தொட வேண்டாம் என்றுதான் தோன்றும், எனக்குத் தோன்றிய மாதிரியே.