கால்மன் ஃபில்டர்: எச்சத்தில் ஒட்டுறவு போகவில்லை, உதவி தேவை

வால்வால் கட்டுப்படுத்தும் ஒரு செயல்முறையில் கால்மன் ஃபில்டர் (இரைச்சல் கலந்த அளவீடுகளிலிருந்து உண்மை நிலையைக் கணிக்கும் முறை) ஓடுகிறது. கணித மாதிரி எளிது: ஒரே நிலை, சமவாய்ப்பு நடை (ஒவ்வொரு அடியிலும் தற்செயலாகச் சற்று நகர்வது), கட்டுப்பாட்டு உள்ளீடு சேர்த்து. செயல்முறை இரைச்சலின் பரவற்படி (variance, சிதறலின் அளவு) கியூ = 0.01, அளவீட்டு இரைச்சலுக்கு ஆர் = 1. நிலைத்த ஈட்டம் (புதிய அளவீட்டுக்கு ஃபில்டர் தரும் எடை) 0.095.

சிக்கல் எச்சத்தில் (அளவீடு கழித்தல் முன்கணிப்பு). 2000 அளவீடுகளில் முதல் இடைவெளித் தன்னொட்டுறவு (அடுத்தடுத்த எச்சங்களுக்கு இடையிலான ஒட்டுறவு) 0.27, வெள்ளை இரைச்சல் (முன்பின் தொடர்பற்றது) என்றால் ±0.044-க்குள் இருக்க வேண்டும். நேர்க்குறி என்பதால் முதல் சந்தேகம் கியூ மேல்தான், அதைச் சிறிதாக வைத்துவிட்டேனோ என்று. அதை 0.1 ஆக்கினால் ஈட்டம் 0.27-க்கு ஏறி, ஒட்டுறவு 0.05-க்கு இறங்குகிறது. ஆனால் ஃபில்டர் சென்சார் இரைச்சலையே துரத்துகிறது, வால்வு ஓயாமல் நடுங்குகிறது. இதைத் தீர்வு என்று சொல்ல மனம் வரவில்லை.

செயல்முறையை அசையாமல் நிறுத்தி சென்சாரை மட்டும் பதிவு செய்ததில் ஒட்டுறவு 0.35, அடுத்த இடைவெளியில் 0.12. ஏறக்குறைய முதலதன் வர்க்கம். ஆக அளவீட்டு இரைச்சலே முதல்வரிசைத் தன்தொடர்பு உடையது (ஒவ்வொரு மதிப்பும் முந்தையதன் ஒரு பங்கைச் சுமக்கிறது). (வால்வு எல்லையில் முட்டும்போது, கேட்ட உள்ளீடு அல்ல, உண்மையில் போனதே ஃபில்டருக்குத் தரப்படுகிறது. அதைச் சரிபார்த்தாயிற்று, எனவே காரணம் அதுவல்ல.)

இனி இரண்டு வழி. இரைச்சலையும் ஒரு நிலையாகச் சேர்த்தால் ஆர் பூஜ்யமாகி, புதுப்பித்த பின் பிழைப் பரவற்படி அணி தலைகீழாக்க முடியாததாகிறது. ஒற்றைத் துல்லியத்தில் (32-பிட் எண்களில்) எதிர்மறைப் பரவற்படிகூட வருகிறது. மாறாக, முந்தைய அளவீட்டை 0.35 எடையிட்டு அடுத்ததிலிருந்து கழித்தால் இது தவிரும், ஆனால் செயல்முறை, அளவீட்டு இரைச்சல்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டுறவு கொள்கின்றன.

இரண்டாம் வழியில் அந்தக் குறுக்குப் பரவற்படியை (இரு இரைச்சல்களுக்கு இடையிலான ஒட்டுறவின் அளவை) சேர்த்து, ஒரு அளவீட்டு இடைவெளித் தாமதம் இல்லாமல் கட்டுப்பாட்டை ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? முதல் வழியில் ஜோசப் வடிவம் (பிழை அணியைச் சமச்சீராக வைத்துப் புதுப்பிக்கும் சமன்பாடு) மட்டும் போதுமா, வர்க்கமூல வடிவத்துக்கே (அணிக்குப் பதில் அதன் வர்க்கமூலத்தை வைத்துக் கணக்கிடுவது) போக வேண்டுமா?