சைனஸுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

மொழிபெயர்ப்பாளர், மட்டக்களப்பு:
அனைவருக்கும் வணக்கம். காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்கான துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சைனஸ் என்பது மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் வெற்றிடம். 12 கிழமைக்கு மேல் நீடிக்கும் சைனஸ் நோய்க்கு, உள்ளே பார்க்க உதவும் 4 மில்லிமீற்றர் தடிப்பான எண்டோஸ்கோப்பை மூக்குத் துவாரத்தால் விட்டு, சைனஸின் அடைபட்ட வாயிலைத் திறக்கும் சிகிச்சை. முகத்தில் வெட்டு இல்லை. சில புதிய கருவிகளில் கமரா நுனியிலேயே இருக்கிறது. கருவிக்குத் தமிழில் ‘அகநோக்கி’ உண்டு. சைனஸுக்கு என்ன சொல்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காரைதீவு:
‘புரை’ என்று எழுதுங்கள் மகள். உள்ளே துளையுடையது புரை. வேறு பொருள்களும் உண்டு: தொல்காப்பியர் உரியியலில் ‘புரை உயர்பாகும்’ என்கிறார், அங்கே அது உயர்வு. வள்ளுவரின் ‘புரைதீர்ந்த நன்மை’யில் அதே சொல் குற்றம். ‘புரைய’ உவம உருபு. புரை, புழை, பொள் எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. யானையின் துதிக்கை புழைக்கைதானே! 1936இல் சென்னைச் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரில் இருந்துகொண்டு சைனஸ் என்று எழுத மனம் வரவில்லை.

தாதி உத்தியோகத்தர், களுவாஞ்சிகுடி:
ஐயா, வாட்டில் இது சரிவராது. புரை என்றால் சனம் புரையோடின புண்ணைத்தான் நினைக்கும். இல்லாவிட்டால் கண்ணில் புரை. சைனஸ் நோய்க்குச் சனம் சொல்வது பீனிசம். ‘பீனிசமா?’ என்று கேட்டுப் பாருங்கள். உடனே நெற்றியையும் கன்னத்தையும் விரலால் அமத்திக் காட்டுவார்கள்.

தமிழாசிரியர்:
பீனிசம் வடசொல். அதைவிட, அது நோயின் பெயர். உறுப்பின் பெயர் அன்று. நோயில்லாதவருக்கும் சைனஸ் உண்டல்லவா?

மருத்துவ மாணவர், ஏறாவூர்:
ஐயா சொல்வது நியாயம். உள்ளே இருப்பது காற்று, ஆகவே ‘காற்றறை’: நெற்றிக் காற்றறை, கன்னக் காற்றறை. இதில் விளக்கமே தேவையில்லை.

தாதி உத்தியோகத்தர்:
தம்பி, பிரசுரத்தில் பலூன் முறையும் வருகிறது. வாயிலை விரிக்கப் பலூனுக்குள் ஏற்றுவது உப்புநீர். காற்றறையையும் பலூனையும் பக்கத்தில் எழுதினால் மூக்குக்குள் காற்றடிக்கப் போகிறார்கள் என்று பயந்து ஒப்பமிட மாட்டார்கள்.

மருத்துவ மாணவர்:
அப்படியென்றால் ‘உப்புநீர் நிரப்பிய பலூன்’ என்று முழுதாக எழுதுவோம் அக்கா.

மொழிபெயர்ப்பாளர்:
இன்று வியாழன். நீங்கள் சொன்னவற்றைச் சேர்த்து, நோயைக் குறிக்கும் தலைப்பில் ‘நாட்பட்ட பீனிசம்’, உள்ளே முதல் இடத்தில் ‘சைனஸ் எனப்படும் காற்றறை’, பிறகு காற்றறை மட்டும். சிகிச்சை ‘அகநோக்கிச் சத்திரசிகிச்சை’. அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள் மகள், நோயாளிக்கு விளங்க வேண்டும். என் வாக்கு மட்டும் புரைக்கே. ‘அகநோக்கி’யிலும் எனக்கு மறுப்பு உண்டு, அகம் என்றால் மனமும்தானே? விரிவாக நாளை எழுதுகிறேன்.