ஹோட்டல் டைப் டோஸ்டரை வீட்டுக்கு வாங்கி மாட்டிக்கிட்டேன், பிளக் உருகுது, உதவி பண்ணுங்க

காலைப்பசி:
வணக்கம். போன மாசம் ஹோட்டல் சாமான் கடையில 4 ஸ்லாட் டோஸ்டர் ஒண்ணு வாங்கினேன், ஃபுல் ஸ்டீல் பாடி, 2200 வாட்ஸ், 14,000 ரூபா. பழைய பாப்-அப் டோஸ்டர் மூணு வருஷத்துல ரெண்டு போச்சு, சரி இனி ஆயுசுக்கும் ஒண்ணே போதும்னு மனசைத் தேத்திக்கிட்டு வாங்கிட்டேன். இப்ப பிரச்சனை என்னன்னா அதோட பிளக் பெரிசு, மிக்ஸி போடுற பாயிண்ட்ல நுழையல, எலக்ட்ரீஷியன் அதை வெட்டிட்டு சின்ன பிளக் மாட்டிக் குடுத்தாரு. பத்து நாள் ஓடுச்சு, நேத்து ஒரே கருகல் வாடை, பிடுங்கிப் பார்த்தா ஒரு பின்னைச் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பாகி இளகி சாக்கெட்ல ஒட்டியிருக்கு. அப்புறம் இன்னொண்ணு, முதல் ஈடு வெள்ளை வெளேர்னு வருது, அதே நம்பர்ல ரெண்டாவது ஈடு கரி. டைமர் போயிடுச்சா? திருப்பி எடுத்துக்க மாட்டேங்கிறாங்க, வீட்ல அம்மா முகத்தைப் பார்க்க முடியல.

ஃபியூஸ்போனவன்:
ப்ரோ முதல்ல அந்த பாயிண்ட்டை எம்சிபில (மெயின் போர்டுல இருக்கிற ட்ரிப் சுவிட்ச்) ஆஃப் பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம். 2200ஐ 230ஆல வகுங்க, ஒம்பதரை ஆம்பியர் வருது. மிக்ஸி பாயிண்ட் 6 ஆம்பியர், 1380 வாட்ஸ்தான் தாங்கும். பெரிய பிளக் வச்சதே அதுல நுழையக் கூடாதுன்னுதான், அதைப் போய் வெட்டியிருக்காரே மனுஷன்! 16 ஆம்பியர் பாயிண்ட் வேணும், டிபில (அந்த மெயின் போர்டுதான்) இருந்து தனி லைன், குறைஞ்சது 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், எர்த் இருக்கான்னு செக் பண்ணிட்டு. முழுக்க உலோக பாடி, ஈரக்கையோட தொடுற இடம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கமே போகாதீங்க.

காலைப்பசி:
16 பாயிண்ட் ஒண்ணு இருக்குண்ணா, மைக்ரோவேவ் அதுலதான். மாத்தி மாத்தி சொருகிக்கலாமா? கரண்ட் பில் எகிறுமா?

ஃபியூஸ்போனவன்:
தாராளமா. கருகின சாக்கெட்டையும் மாத்திருங்க. பில்லுக்கு பயப்படாதீங்க, ஒரு ஈடு 3 நிமிஷம்னா 0.11 யூனிட், தினம் மூணு ஈடு போட்டாலும் மாசம் 10 யூனிட்தான்.

தோசைக்கல்:
14,000 ரூபாய்க்கு எத்தனை கிலோ நெய் வாங்கலாம், கல்லுல போட்டு முறுமுறுன்னு எடுத்திருக்கலாம் 😄

பேக்கரிமாமா:
டைமர் நல்லாத்தான் இருக்கு தம்பி. திருகிவிட்டா டிக் டிக்னு ஓடுறதுதானே? அதுக்கு நேரம் மட்டும்தான் தெரியும், சூடு தெரியாது. ஜில்லுனு இருக்கும்போது பாதி நேரம் அந்த ஸ்டீல் சூடாகவே போயிடும், ரெண்டாவது ஈடு போடும்போது உள்ள ஏற்கனவே கொதிச்சிட்டிருக்கு, அப்புறம் கரியாகாம என்ன பண்ணும். எங்க கடையில காலைல 6 மணிக்கு ஆன் பண்ணா 10 மணி வரைக்கும் ஓயாது, அங்க ஒரே நம்பர் சரிவரும். உங்க வீட்ல அது சூடு பிடிக்கிறதுக்குள்ள எல்லாரும் சாப்பிட்டு கை கழுவிருவீங்க. முதல்ல ஒரு நிமிஷம் காலியா ஓட விட்டு அப்புறம் பிரெட் போடுங்க, அடுத்த ஈடுக்கு அரை நிமிஷம் கொறைங்க. மில்க் பிரெட்னா இன்னும் கொறைக்கணும், சர்க்கரை சேர்க்கிறதால சட்டுனு கறுத்துரும்.

குளிர்தேசம்:
லண்டன்ல டுவாலிட் டோஸ்டர் வச்சிருக்கேன், 1945ல ஆரம்பிச்ச கம்பெனி. அதுலயும் இதே டிக் டிக் டைமர்தான், தானா எகிறாது, நாமதான் லிவரைத் தூக்கணும். மைக்கா தகட்டுல கம்பி சுத்தின எலிமென்ட், ஒண்ணு போனா அதை மட்டும் கழட்டி மாத்தலாம், டைமரும் தனியா கிடைக்கும். காசு குடுக்கிறது அதுக்குத்தான், ருசியில பெரிசா வித்தியாசம் ஒண்ணும் இல்ல. ஆனா இங்க சாதாரண சாக்கெட்டே 13 ஆம்பியர், 3 கிலோவாட் வரைக்கும் எந்த ரூம்லயும் சொருகலாம், நம்ம ஊர் கிச்சன் அப்படியா? நீங்க வாங்கினதுக்கு எலிமென்ட் தனியா கிடைக்குமான்னு கேட்டீங்களா? கிடைக்கலன்னா ஸ்டீல் பாடி இருந்து என்ன பிரயோஜனம். வாரன்டி கார்டையும் ஒருதடவை படிங்க, ஹோட்டல் மெஷின் சிலதுக்கு வீட்ல வச்சா வாரன்டி கிடையாதுன்னு போட்டிருப்பாங்க.

காலைப்பசி:
அப்டேட். பெரிய பிளக் மாட்டி மைக்ரோவேவ் பாயிண்ட்ல போட்டாச்சு, ஒரு வாரமா வாடை இல்ல, பிளக்கைத் தொட்டா சூடும் இல்ல. மாமா சொன்ன மாதிரி காலியா ஓடவிட்டா முதல் ஈடே பொன்னிறமா வருது. கார்டுல வீட்டு உபயோகத்துக்கு வாரன்டி இல்லன்னுதான் இருக்கு. எலிமென்ட் கேட்டேன், ஆர்டர் பண்ணி வாங்கித் தர்றேங்கிறாங்க, பார்ப்போம்.

பேக்கரிமாமா:
விக்கிறதா இருந்தா சொல்லுங்க தம்பி, 8,000 தர்றேன்.

காலைப்பசி:
அம்மா இப்பவே குடுத்துருங்கிறாங்க மாமா. அப்பாவுக்குத்தான் அந்த டிக் டிக் சத்தம் புடிச்சுப் போச்சு.