கொழும்பில் வீடு தேடி எட்டு மாதம்: உங்கள் தரகர் கதைகளையும் சொல்லுங்கள்

நிரோ, வெள்ளவத்தை:

எட்டு மாதமாக வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் வீடு தேடுகிறோம். வாடகைக்கு இல்லை, வாங்குவதற்கு. இருபது வருடம் வாடகைக்கு இருந்து களைத்துவிட்டோம், கனடாவில் இருக்கிற அண்ணா கொஞ்சம் போடுகிறேன் என்கிறார், மிச்சத்துக்கு வங்கிக் கடன். மூன்று அறை, லிப்ட், மகளின் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரம், அவ்வளவுதான் கேட்டோம். இதுவரை பதினொரு தரகர்கள்.

ஒரு வீட்டின் கதையை மட்டும் சொல்கிறேன். மரைன் டிரைவுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கை. இணையத்தில் முதலில் 34 மில்லியன் என்று பார்த்தேன். அடுத்த வாரம் வேறொருவர் 36 என்று போட்டிருந்தார், வேறு படங்கள், கடற்காற்று அது இது என்று வேறு வர்ணனை. பிறகு ஒருவர் 38. மூன்றையும் மூன்று வீடு என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் இரவு திரும்பப் பார்க்கும்போதுதான் மூன்று பேருடைய படத்திலும் பல்கனி மூலையில் அதே பச்சை வாளி கவிழ்ந்து கிடந்தது கண்ணில் பட்டது. 38காரர் கூட்டிக்கொண்டு போன அன்று கீழே நின்ற காவலாளி, "இதே வீட்டைக் காட்டப் போன கிழமையும் வேற தரகர் வந்தாருதானே அம்மா" என்று சிரித்தார். அவர்தான் மெல்லச் சொன்னார், சொந்தக்காரர் கேட்பது 32, மேலே வருவது கொண்டு வருகிறவருக்கு என்று.

கடல் தெரியும் என்றும் சொல்லியிருந்தார்கள். குசினி யன்னலால் தலையை வெளியே நீட்டினால் இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது, பொய் இல்லை. விளம்பரத்தில் 1,250 சதுர அடி, பிளானில் 1,040. மிச்சம் எங்கே என்று கேட்டால் படிக்கட்டு, லிப்ட், வாசல் எல்லாவற்றிலும் உங்கள் பங்கு இருக்கிறதே என்றார்.

என் கேள்வி இரண்டு. உண்மையான விலையை எப்படித் தெரிந்துகொள்வது? எந்தத் தரகரை நம்புவது? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், நல்லதோ கெட்டதோ.

கடன் பிரிவில் இருந்தவன்:

தங்கச்சி, நான் வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். விளம்பர விலை என்பது விற்பவருடைய ஆசை, அவ்வளவுதான். அந்த ஆசை எப்படி வளர்ந்தது என்று தெரிந்தால் பேரம் பேசுவது சுலபம்.

2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதியைச் சந்தையிடம் விட்டார்கள், இரண்டு மாதத்தில் டொலர் 200இல் இருந்து 360 மட்டுக்குப் போனது. ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதப் புள்ளி உயர்த்தியது. அந்த வருடக் கடைசியில் நல்ல வாடிக்கையாளருக்கே 25 வீதத்துக்கு மேல் வட்டி. அப்போது கடன் எடுத்து வீடு வாங்க என் மேசைக்கு யாரும் வரவில்லை. ஆனால் விலை இறங்கியதா? இல்லை. கையில் ரூபாவாக வைத்திருந்தவர்கள் பயந்துபோய் காணியிலும் அபார்ட்மென்டிலும் கொண்டுபோய்ப் போட்டார்கள், கார் வாங்கலாம் என்றால் 2020இல் இருந்து இறக்குமதி கிடையாது. டைல்ஸ், லிப்ட், கம்பி எல்லாம் விலை ஏறியதில் புதுக் கட்டடங்கள் பாதியில் நின்றன, கட்டி முடித்த வீட்டுக்கு மவுசு கூடியது. 2023 நடுப்பகுதியில் இருந்து வட்டி இறங்க இறங்க கடன்காரர்களும் திரும்ப வந்தார்கள். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திறந்த பிறகு அந்தக் காசில் ஒரு பகுதி கார்ப் பக்கம் போனதை நான் கண்ணால் கண்டேன், என் சொந்த மச்சானே வீட்டு அட்வான்ஸை விட்டுவிட்டு வாகனம் எடுத்தார்.

மத்திய வங்கி அரையாண்டுக்கு ஒருமுறை கொழும்பு மாவட்டக் காணி விலைக்கு ஒரு குறிகாட்டி வெளியிடுகிறது, விலைமதிப்புத் திணைக்களத்தின் தரவை வைத்து. விலை ஏறுகிறதா, வேகம் குறைகிறதா என்று பார்க்க அது போதும். உங்கள் ஒழுங்கையில் இந்த வீடு என்ன பெறும் என்று அது சொல்லாது. அதற்கு வங்கியின் பட்டியலில் இருக்கிற மதிப்பீட்டாளர் ஒருவரைக் காசு கொடுத்துப் பிடியுங்கள். அவருடைய அறிக்கையில் இரண்டு விலை இருக்கும், சந்தை விலை ஒன்று, அவசரமாக விற்றால் வருகிற விலை ஒன்று. வங்கி இரண்டாவதையும் பார்த்துத்தான் கடன் தரும், அதனால் தரகர் சொன்ன விலைக்கு முழுக் கடன் வரும் என்று கணக்குப் போட்டு அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள். அந்த அட்வான்ஸால் அழுதவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு உறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கிற தொகையையும் நம்பாதீர்கள். முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 32 மில்லியன் வீட்டுக்கு அதுவே 12 இலட்சத்து 79 ஆயிரம், நொத்தாரிசுக் கட்டணம் வேறு. அதைக் குறைக்கத்தான் சிலர் விலையைக் குறைத்து எழுதுகிறார்கள்.

கொட்டாஞ்சேனை ஐயா:

பிள்ளை, நீங்கள் விலையைப் பற்றிக் கேட்கிறீர்கள். நாங்கள் யுத்த காலத்தில் வீடு தேடினபோது முதல் கேள்வி "அடையாள அட்டையில் எந்த ஊர்" என்பதுதான். யாழ்ப்பாணம் என்று இருந்தால் பாதி வீட்டுக்காரர் கதவோடு அனுப்பிவிடுவார்கள், பொலிஸ் பதிவுக்குப் பயந்து. எங்களுக்கு ஒரு தரகர் இருந்தார், ஜம்பட்டா வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடைதான் அவருக்குக் கந்தோர். எந்த வீட்டுக்காரர் பதிவுக்குக் கையெழுத்து வைப்பார், எவர் இழுத்தடிப்பார் என்று அவருக்கு மனப்பாடம். பொலிஸுக்கும் கூடவே வருவார். 2007 ஜூனில் லொட்ஜுகளில் இருந்த எங்கள் சனத்தை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்களே, அடுத்த நாள் உயர் நீதிமன்றம் நிறுத்தியது, அந்த இரவில் என் தம்பி குடும்பத்துக்கு அறை பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். தரகுக் காசை மூன்று மாதம் கழித்து வாங்கினார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி போய், இப்போது எங்கள் ஆட்களே "சைவம் மட்டும்", "சின்னப் பிள்ளைகள் வேண்டாம்", "எந்தக் கோயிலடி" என்று கேட்கிறார்கள். கடைசிக் கேள்வி சாதியை அறியத்தான் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

குமரன்:

தெஹிவளையில் ஒருவர் வீடு காட்டுவதற்கே 2,000 ரூபா முன்பணம் கேட்டார், வட்ஸ்அப்பில் தந்த கணக்குக்கு அனுப்பினேன், பிறகு நம்பர் வேலை செய்யவில்லை. வாடகை என்றால் ஒரு மாத வாடகை தரகு, அதுவும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு. அதற்கு முன் பஸ் காசு கூடக் கொடுக்காதீர்கள்.

சுதா, பாமன்கடை:

குமரன் தம்பி, 2,000 ரூபாவோடு தப்பியிருக்கிறீர்கள்.

நாங்கள் வாங்கியது ஆறு பேர்ச் காணியில் எழுந்த ஒரு கட்டடத்தில். (அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து பார்த்துவிட்டு, பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, முக்கால் பரப்பு கூட இல்லாத நிலத்தில் பத்துக் குடும்பமா என்று தலையில் கை வைத்தார்.) தரகர் நல்லாகக் கதைப்பார், அக்கா அக்கா என்று உயிரை விடுவார். சீ.ஓ.சீ (அனுமதித்தபடிதான் கட்டியிருக்கிறது என்ற இணக்கச் சான்றிதழ்) இன்னும் வரவில்லை, மூன்று மாதத்தில் வந்துவிடும், அதுவரை அக்ரீமென்ட் போதும் என்றார். அந்தச் சான்றிதழ் இல்லாமல், கட்டடத்தைத் தனித்தனி வீடாகப் பிரிக்கிற கூட்டாதன பிளானைப் பதிய முடியாது, பிளான் பதியாமல் என் வீட்டுக்கென்று தனி உறுதி எழுத முடியாது என்பது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. எதிர்ப்பக்கத்து சட்டத்தரணியே எங்களுக்கும் எழுதட்டும், செலவு மிச்சம் என்று அதையும் அந்தத் தரகர்தான் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம்.

மூன்று மாதம் மூன்று வருடம் ஆகிவிட்டது. அனுமதி எடுத்த மாடியை விட ஒரு மாடி கூடக் கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் சான்றிதழ் நிற்கிறது. மின்சாரம் இன்னும் கட்டின ஆளின் இணைப்பில். வங்கி ஈடாக ஏற்காது, விற்கவும் முடியாது. போன் பண்ணினால் தரகர் சொல்கிறார், "அக்கா, நான் வீடு காட்டினது மட்டும்தானே." அது சட்டப்படி சரியாகவும் இருக்கலாம், அதுதான் எரிச்சல்.

பழைய கட்டடம் வாங்குகிறவர்களும் ஒன்று கேளுங்கள். கட்டடத்தைப் பராமரிக்கிற, வீட்டுக்காரர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒழுங்காக இயங்குகிறதா, விற்கிறவர் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருக்கிறாரா என்று. என் தங்கை வாங்கின வீட்டில் பழைய ஆளின் இரண்டு வருடப் பாக்கிக்கு அவளிடம் வந்து நின்றார்கள்.

வத்தளை மச்சான்:

கெட்ட கதைதான் வருகிறது, நான் ஒரு நல்ல கதை சொல்கிறேன். 2019இல் எனக்கு அபார்ட்மென்ட் வேண்டாம், மண்ணில் கால் படவேண்டும் என்று வெல்லம்பிட்டிப் பக்கம் ஒரு வீடு பார்த்தேன். எட்டுப் பேர்ச், மாடி, புதுப் பெயின்ட், விலையோ நம்ப முடியாத மலிவு. கூட வந்த தரகர் ஒரு சிங்களவர், நடுத்தர வயது, அரைகுறைத் தமிழ். எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று கண்டதும் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து பக்கத்து வீட்டு மதிலைக் காட்டினார். என் நெஞ்சு உயரத்தில் மண்ணிறத்தில் ஒரு கோடு. 2016 மே வெள்ளம். "இந்த வீட்டுக்கு மட்டும் ஏன் புதுப் பெயின்ட் மஹத்தயா" என்றார். அந்த வீட்டை விற்றிருந்தால் அவருக்கு 3 வீதம் வந்திருக்கும்.

பிறகு ஹெந்தளையில் ஒரு வீடு காட்டினார், அதற்கும் மழை நாளில் ஒரு தடவை, காலை ஏழரைக்கு ஒரு தடவை வந்து பாருங்கள் என்றார், பாலத்தடி வாகன நெரிசலைக் காட்டுவதற்காக. நெரிசலைக் கண்டுதான் பத்து இலட்சம் குறைத்துப் பேசினேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

ரஞ்சி, லண்டன்:

நிரோ, அண்ணாவின் பெயரும் உறுதியில் வருமா? அவர் இலங்கைக் குடியுரிமையை விட்டுவிட்டாரா, இரட்டைக் குடியுரிமை எடுத்தாரா என்று முதலில் கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி மாற்ற முடியாது, அபார்ட்மென்டுக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் அதற்கு முழுப் பணமும் உறுதி எழுத முன்பே வெளிநாட்டில் இருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமைக்காரருக்கு இந்தத் தடை இல்லை. நான் பிரித்தானியப் பாஸ்போட் என்று சொன்ன பிறகும் ஒரு தரகர் எனக்குக் காணியோடு வீடு மூன்று காட்டினார். கோடையில் மூன்று கிழமை லீவில் வருகிற ஆட்களுக்கு அவசரம் என்று அவர்களுக்குத் தெரியும், விலையும் பவுண்ஸில்தான் சொல்வார்கள். நான் இப்போது தங்கச்சியைத்தான் முதலில் பேச விடுவது, என் குரலில் லண்டன் மணக்கிறதாம்.

நிரோ, வெள்ளவத்தை (ஏழு கிழமை கழித்து):

எல்லாருக்கும் நன்றி. ரஞ்சி அக்கா, அண்ணா கனடாப் பிரஜை மட்டும்தான், இரட்டை எடுக்கவில்லை, மிச்சப் பணமோ இங்கே எடுக்கிற வங்கிக் கடன். நீங்கள் சொல்லாவிட்டால் நேரே போய் முட்டியிருப்போம். உறுதி என் பெயரில் மட்டும் என்று இப்போது முடிவு, அண்ணா ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு சரி என்றார்.

பதினொரு தரகருக்கும் திரும்ப எடுத்தேன். மூன்று கேள்வி மட்டும் கேட்டேன். இந்தக் கட்டடத்தில் கடைசியாக விற்ற வீடு எது, எவ்வளவுக்குப் போனது? சீ.ஓ.சீயும் பிளானும் என் சட்டத்தரணிக்கு எப்போது அனுப்புவீர்கள்? உங்களுக்குக் காசு தருவது யார், விற்பவரா நானா, இரண்டு பேருமா? நாலு பேர் உடனே வேறு வீடு காட்டத் தொடங்கினார்கள். இரண்டு பேர் மூன்றாவது கேள்விக்குக் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர், களுபோவிலையில் இருந்து, முதல் கேள்விக்குத் தெரியாது, இரண்டு நாள் தாருங்கள் என்றார், இரண்டாம் நாள் எடுத்து வீட்டு இலக்கத்தோடும் விலையோடும் சொன்னார். விற்பவர் எனக்கு 2 வீதம் தருகிறார், உங்களிடம் ஒன்றும் வேண்டாம், ஆனால் விலை பேசும்போது நான் அவருடைய ஆள் என்பதை மறக்காதீர்கள் என்றார். இப்படி ஒருவர் வாயால் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

அவர் காட்டிய வீடு தெஹிவளையில், 2011இல் கட்டினது, கடல் ஒரு விரல் அகலத்துக்கும் தெரியாது. கடன் பிரிவு அண்ணா சொன்ன மாதிரி மதிப்பீட்டாளரைப் பிடித்தேன், கேட்ட விலையை விட 24 இலட்சம் குறைவாக எழுதினார், அந்தக் கடதாசியைக் காட்டியே பேசினோம், பாதி தூரம் இறங்கி வந்தார்கள். இப்போது சட்டத்தரணி அந்தக் காணியின் முப்பது வருட உரிமைப் பதிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அது சரி வந்தால்தான் அட்வான்ஸ்.

பச்சை வாளி வீடு இன்னும் விளம்பரத்தில் இருக்கிறது. 35.

குமரன்:

அக்கா அந்தக் களுபோவிலை ஆளின் நம்பர் கிடைக்குமா?

நிரோ, வெள்ளவத்தை:

தனியாக அனுப்புகிறேன் தம்பி. பின்னேரம் நாலு மணியில் இருந்து ஆறு மட்டும் எடுக்காதீர்கள், பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றி இறக்குகிற நேரம், போன் எடுக்கவே மாட்டார்.